தேய்மானம்

சமையலுக்கு ஆள் தேடுகிறவர்களும்
ஆடியில் வேலையில்லாத மாஸ்டர்களும்
என் கடைக்குத்தான் வருகிறார்கள்.
காகிதப்பட்டறை, மாவு மில்லுக்கு அடுத்த கடை.
போர்டில் 'பாத்திரம் வாடகைக்கு' என்று மட்டும்தான் இருக்கிறது.

யார் கைப்பக்குவத்தையும் நான் ருசி பார்த்ததில்லை.
சர்க்கரை, டாக்டர் திட்டுவார்.
திரும்பி வரும் அண்டாவைக் கவிழ்த்துப் பார்ப்பேன்.
அடி பிடித்து, சுரண்டிய கீறல் இருந்தால்
முகூர்த்த நேரத்தில் போன் பேசுகிற மாஸ்டர்.
ஒரு பொட்டுக் கருப்பில்லாமல் வந்தால்
பயந்தவர்; சோறு விதைவிதையாய் நின்றிருக்கும்.
விளிம்பு நசுங்கியிருந்தால் கோபக்காரர்.
கரண்டி குறைந்தால்
யாருக்கோ கூலி பாக்கி.

கூப்பிட்ட வீடும் அதே அண்டாவில்தான் வந்து சேரும்.
ஒரு மரக்கால் சோறு காய்ந்து கிடந்தால்
முந்நூறு பேரை ஐந்நூறு என்று சொன்ன அப்பா.
வழித்துத் துடைத்து வந்தால்
கடைசிப் பந்திக்கு ரசமும் மன்னிப்பும் பரிமாறிய வீடு.

எத்தனை பேர் என்று எல்லாரும் கேட்பார்கள்.
நான் கேட்பது:
யார் முதலில் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்?
தாய்மாமன் என்றால் திருவலம் ஜம்புலிங்கம்.
இலையில் உப்பு வைக்கும்போதே
மாமனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார்.
மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் என்றால் ஆம்பூர் முக்தார் பாய்.
தம் உடைக்கும்வரை ஒருத்தனும் அசையமாட்டான்.

ஒருமுறை சறுக்கியது.
குடியாத்தம் லுங்கி வியாபாரி, பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு.
அதிகம் பேசாத மனிதர், அதனால்
அதிகம் பேசாத மாஸ்டரை அனுப்பினேன்.
எதிரெதிரே உட்கார்ந்து
இருவரும் நன்றாகத் தலையாட்டியிருக்கிறார்கள்.
விடிந்தால் நானூறு பேருக்கு
பாயசம் இரண்டு வகை, சாம்பார் இல்லை.
யார் சொல்லியிருக்க வேண்டும் என்பது
இன்னும் வழக்காகவே இருக்கிறது.

சத்துவாச்சாரி எப்சிபா தானே சொல்லிவிடுவாள்:
"ஐம்பதைத் தாண்டினா உப்பு என் பேச்சைக் கேக்காதுண்ணே."
ஐம்பதுக்குள் யார் ஆள் வைத்துச் சமைக்கிறார்கள்?
மூன்று வருஷம் அவள் நம்பர்
என் நோட்டில் சும்மா கிடந்தது.

போன ஆடியில் காந்தி ரோடு லாட்ஜிலிருந்து ஓர் அம்மாள்.
நிருபமா. ஊர் அகர்தலாவாம்.
ஏழு மாதம் ஆஸ்பத்திரி,
இப்போது பையனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.
ஆடியில் யாரும் விசேஷம் வைக்கமாட்டார்களே என்றேன்.
ஆட்டோ சலீம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான்.
அது என்ன மாதம் என்று கேட்டாள்.

விரலை மடக்கி எண்ணினாள், இருபத்தேழு.
மாடியில் தங்கியிருப்பவர்கள்,
ரத்தம் கொடுத்த இரண்டு பாலிடெக்னிக் பையன்கள்,
இஸ்திரிக்காரர், லிப்ட் ஆள், சலீம்.
வழக்கமான கேள்வியைக் கேட்டேன்:
யார் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்?
யோசித்துவிட்டு,
மூன்று பேரால் எழுந்திருக்கவே முடியாது என்றாள்.

கடுகெண்ணெய் என்றதும்
தலை சுத்தும் என்றாள் எப்சிபா. ஆனாலும் போனாள்.
மொட்டை மாடியில் அடுப்பு. வெயில் கேட்கவே வேண்டாம்.
இவள் கட்லாவை நறுக்க, அவள் எண்ணெயைக் காய்ச்ச,
உப்புக்கு மட்டும் இரண்டு கையும்
ஒரே நேரத்தில் நீண்டதாம்.
யார் போட்டது என்று சலீமுக்குத் தெரியவில்லை.
எப்படி இருந்தது என்றேன்.
ரெண்டு தடவை வாங்கினேன் என்றான்.

மறுநாள் வந்தன:
சின்ன அண்டா, தட்டு மூடி, இரண்டு கரண்டி.
கவிழ்க்கப் போனேன். உள்ளே ஏதோ உருண்டது.
பேப்பரில் மடித்த பொரி, ஒரு கட்டி வெல்லம்.
வெறும் பாத்திரம் திருப்பித் தரக்கூடாதாம், அவர்கள் பக்கத்தில்.
நம் பக்கத்திலும்தான்.
ஆனால் அது அடுத்த வீட்டுக் கிண்ணத்துக்கு;
வாடகை அண்டாவுக்கு யார் பார்க்கிறார்கள்?
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

என் நோட்டில் இரண்டே பத்தி,
வரவு, தேய்மானம்.
பேனாவைத் திறந்து, மூடி,
பொரியைக் கொஞ்சம் வாயில் போட்டேன்.
பிறகு வெல்லத்தையும்.

அந்நேரம் பார்த்து
ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார்.
ஆவணியில் கல்யாணம், அறுநூறு பேர் என்றார்.
வாயில் வெல்லம் இருந்ததால்
கேள்வியை உடனே கேட்க முடியவில்லை.